18 வாரங்களும் 2,400 வெள்ளியும்: மாணவர் பணம் ஏன் பாதியிலேயே தீர்ந்துபோகிறது?

உங்கள் வங்கிக் கணக்கில் இன்று காலை 2,400 வெள்ளி வந்து சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உயர்கல்விக் கடனில் கல்விக் கட்டணம் போக எஞ்சிய தொகை அது. அடுத்த பணம் அடுத்த செமஸ்டரில்தான் வரும். நீங்கள் நெடுநாளாகக் கண் வைத்திருந்த காலணியின் விலை 300 வெள்ளி. வாங்கலாமா?

"வாங்கினாலும் 2,100 வெள்ளி மீதம் இருக்கிறதே" என்று மனம் சொல்லும். இப்போது இதே கணக்கை வேறு விதமாகப் போட்டுப் பாருங்கள். பாட வாரங்கள், இடை விடுமுறை, தேர்வுக்கு முந்திய வாரம், தேர்வு வாரங்கள் எல்லாம் சேர்த்து ஒரு செமஸ்டர் ஏறக்குறைய 18 வாரங்கள். பேருந்துப் பயணம், கைத்தொலைபேசிக் கட்டணம், தீபாவளிக்கு ஊருக்குப் போய் வருவது போன்ற தவிர்க்க முடியாத செலவுகளுக்கு 600 வெள்ளியை ஒதுக்கி வைத்தால் மிஞ்சுவது 1,800 வெள்ளி. அதை 18ஆல் வகுத்தால் வாரத்திற்கு 100 வெள்ளி. அப்படியென்றால் அந்தக் காலணியின் விலை மூன்று வாரச் சாப்பாடு.

இரண்டு கணக்குகளும் சரியானவையே. ஆனால் முதல் கணக்கைப் போடுபவர் காலணியோடு வெளியே வருவார். இரண்டாவது கணக்கைப் போடுபவர் சற்றுத் தயங்குவார். மாணவர்களின் பணச் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையில்தான் இருக்கிறது. பணம் மொத்தமாக வருகிறது, செலவோ நாள்தோறும் சில்லறையாகப் போகிறது. இந்த இடைவெளியில் நம் மூளை எப்படி ஏமாறுகிறது என்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள்.

கரும்பு விவசாயிகள் சொன்ன பாடம்

மொத்தமாகப் பணம் பெற்று நீண்ட காலம் சமாளிக்க வேண்டியவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர். கரும்பு விவசாயிகளும் அப்படித்தான். அறுவடை முடிந்ததும் கை நிறையப் பணம் இருக்கும். அடுத்த அறுவடை நெருங்கும்போது கை வறண்டுவிடும், அடகுக் கடைக்கும் போக நேரும்.

தமிழ்நாட்டின் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் நடத்திய அந்த ஆய்வு 2013ஆம் ஆண்டு 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியானது. அறுவடைக்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் அதே விவசாயிகளுக்குச் சிந்தனைத் திறன் சோதனைகள் கொடுக்கப்பட்டன. வடிவங்களின் வரிசையில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பது அவற்றில் ஒன்று. கவனம் சிதறாமல் விரைவாக விடை சொல்வது மற்றொன்று. பணத் தட்டுப்பாடு இருந்த அறுவடைக்கு முந்திய காலத்தில் அவர்கள் குறைவாகவே புள்ளி எடுத்தனர். பணம் வந்த பிறகு அதே ஆட்கள் நன்றாகச் செய்தனர்.

பணக் கவலை மனத்தின் ஓரத்தில் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பதால் மற்ற வேலைகளுக்குக் கிடைக்கும் கவனம் குறைந்துவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எல்லா ஆய்வுகளும் இதையே காட்டின என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்பும் பின்பும் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வில் சிந்தனைத் திறனில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. ஆனால் சம்பளத்திற்கு முந்திய நாட்களில் இருந்தவர்கள், பின்னால் வரும் பெரிய தொகையைவிட உடனே கிடைக்கும் சிறிய தொகையை அதிகம் நாடினார்கள் என்று அந்த ஆய்வும் காட்டியது.

மாணவர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பணம் தீரும் வாரங்களும் தேர்வு நடக்கும் வாரங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. முழுக் கவனமும் தேவைப்படும் நேரத்தில் "இன்று மதியம் எதைச் சாப்பிடுவது?" என்ற கேள்வி குறுக்கே நிற்கிறது. ஆகவே செமஸ்டர் பணத்தைத் திட்டமிடுவதும் தேர்வுக்கான தயாரிப்பில் ஒரு பகுதிதான்.

பணத்தாளும் அட்டையும் ஒன்றல்ல

பையிலிருந்து 50 வெள்ளித் தாளை எடுத்து நீட்டும்போது மனம் கொஞ்சம் வலிக்கும். அதே 50 வெள்ளியைக் கைத்தொலைபேசியில் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டிச் செலுத்தும்போது அந்த வலி தெரிவதில்லை. இது வெறும் உணர்வு அல்ல, அளந்து பார்க்கப்பட்ட ஒன்று.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுப் போட்டி நுழைவுச்சீட்டு போன்ற பொருள்களை உண்மையாகவே ஏலம் விட்டனர். ஒரு பிரிவினர் ரொக்கமாகக் கட்ட வேண்டும், மற்றப் பிரிவினர் கடன் அட்டையில் கட்ட வேண்டும். அட்டைப் பிரிவினர் கேட்ட விலை கூடுதலாக இருந்தது. சில சமயம் ரொக்கப் பிரிவினரைப் போல இரண்டு மடங்கு வரையிலும் சென்றது.

மின்பணப்பை தவறான பொருள் என்று இதற்கு அர்த்தமில்லை. அது வசதியானது, பாதுகாப்பானதும்கூட. ஆனால் அதில் உள்ள 'தானாக நிரப்பும்' வசதியை மாணவர்கள் நிறுத்தி வைப்பது நல்லது. பணம் குறைந்தவுடன் வங்கிக் கணக்கிலிருந்து தானாக நிரம்பும் பணப்பை ஒருபோதும் காலியாவதில்லை. 'இந்த வாரப் பணம் முடிந்தது' என்ற ஒரே எச்சரிக்கையும் அத்தோடு போய்விடுகிறது.

சுழியத்திற்குக் கீழே போனால்

கணக்கில் உள்ள பணத்திற்கும் மேலாக எடுக்க வங்கி அனுமதிப்பதை ஓவர்டிராஃப்ட் என்கிறோம். மிகைப்பற்று என்பது அதன் தமிழ்ப் பெயர். இது பழைய ஏற்பாடு. 1728இல் எடின்பரோவைச் சேர்ந்த வணிகர் வில்லியம் ஹோக் என்பவருக்கு, கணக்கில் இருந்ததைவிட 1,000 பவுன் கூடுதலாக எடுத்துக்கொள்ள ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து அனுமதி அளித்தது. சரக்கை விற்றுப் பணம் கைக்கு வரும்வரை வணிகருக்கு அது கைகொடுத்தது.

பிரிட்டனில் இன்று மாணவர் கணக்குகளுக்கு, ஒரு வரம்பு வரை வட்டியில்லாமல் மிகைப்பற்று கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. படிப்பு முடிந்த பின் அந்தச் சலுகை படிப்படியாகக் குறையும். சாதாரணக் கணக்குகளிலோ 2020க்குப் பிறகு பல வங்கிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு வட்டி விதிக்கின்றன. வட்டியில்லாத கடனைத் தன் சொந்தப் பணம்போலப் பழகிக்கொள்ளும் மாணவர், பட்டம் பெற்றதும் அதன் உண்மையான விலையைச் சந்திக்கிறார்.

மலேசியாவில் மாணவர்களின் சேமிப்புக் கணக்கில் பணம் இல்லையென்றால் பொதுவாகப் பற்று அட்டை மறுக்கப்படும், கதை அத்தோடு முடிந்துவிடும். கடன் அட்டை பெற ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 வெள்ளி இருக்க வேண்டும் என்பதால் பெரும்பாலான மாணவர்களுக்கு அந்த வழியும் இல்லை. எனவே மிகைப்பற்றின் இடத்தை இங்கே 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' செயலிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பணம் இல்லாத வாரத்திலும் பொருள் கைக்கு வந்துவிடுகிறது. நேரத்தில் கட்டினால் பல செயலிகளில் வட்டி இல்லை. தாமதமானால் கட்டணம் உண்டு.

அந்தத் தாமதக் கட்டணத்தை எப்படி எடைபோடுவது? ஓர் எடுத்துக்காட்டுக்கு, 50 வெள்ளித் தவணையை இரண்டு வாரம் தாமதமாகக் கட்டுகிறீர்கள், கட்டணம் 10 வெள்ளி என்று கொள்வோம். பத்து வெள்ளிதானே என்று தோன்றும். ஆனால் 50 வெள்ளியை இரண்டு வாரம் வைத்திருந்ததற்கு 20 விழுக்காடு கொடுத்திருக்கிறீர்கள். ஓராண்டில் 26 இரண்டு வாரங்கள் உண்டு. பெருக்கிப் பாருங்கள்: ஆண்டுக்கு 520 விழுக்காடு. தொகை சிறிதாகவும் காலம் குறுகியதாகவும் இருக்கும்போது, கட்டணத்தை வெள்ளியில் மட்டும் பார்த்தால் உண்மை தெரியாது. எந்த விகிதத்தில், எத்தனை நாளுக்கு என்று கேட்க வேண்டும்.

மூளை போடும் தப்புக் கணக்கு

இன்னொரு கணக்கு. 500 வெள்ளி கடன், வாரத்திற்கு 10 விழுக்காடு வட்டி. கட்டாத வட்டி அசலோடு சேரும். ஒரு செமஸ்டர், அதாவது 18 வாரம் கழித்து எவ்வளவு கட்ட வேண்டும்? காகிதம் இல்லாமல் ஒரு விடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் 50 வெள்ளி, 18 வாரத்திற்கு 900, அசலோடு சேர்த்து 1,400 என்று பலர் கணக்கிடுவார்கள். சரியான விடை 2,780 வெள்ளி. உங்களுக்குக் கிடைத்த மொத்தச் செமஸ்டர் பணத்தையும் அது தாண்டிவிட்டது. கட்டாமலே ஓராண்டு போனால் அசல் ஏறத்தாழ 142 மடங்காகும்.

மடங்கு மடங்காக வளரும் எதையும் மனித மூளை குறைத்தே மதிப்பிடுகிறது என்பதை வாகனார், சகாரியா என்னும் உளவியலாளர்கள் 1975ஆம் ஆண்டிலேயே சோதனையில் காட்டினார்கள். நம் கண் நேர்கோட்டைப் பழகியது, வளைந்து மேலேறும் கோட்டை அது எதிர்பார்ப்பதில்லை. வட்டி முதலைகளின் தொழில் இந்தப் பலவீனத்தின் மீதே நிற்கிறது. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டிற்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது நம் நாட்டுச் சட்டம். 'வாரம் பத்து' என்பது அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

அதே 500 வெள்ளியை 18 வாரத்திற்கு வெவ்வேறு வழிகளில் கடன் வாங்கினால் ஆகும் செலவு இது. உயர்கல்வி நிதிக் கழகமான பி.டி.பி.டி.என். விதிக்கும் ஆண்டுக்கு 1 விழுக்காடு என்ற விகிதத்தில் 1 வெள்ளி 73 காசு. கடன் அட்டையின் 18 விழுக்காட்டில் சுமார் 31 வெள்ளி. பிரிட்டனின் 40 விழுக்காட்டு மிகைப்பற்றில் சுமார் 69 வெள்ளி. வாரம் பத்து விழுக்காட்டில் 2,280 வெள்ளி. எல்லாமே கடன்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

வேலைக்குப் போய்க் கடன் அட்டை வாங்கும் நாளுக்காக இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அட்டையில் 1,000 வெள்ளி பாக்கி வைத்து, மாதந்தோறும் குறைந்தபட்சமான 50 வெள்ளியை மட்டும் கட்டினால், 18 விழுக்காடு வட்டியில் அதை முடிக்க 24 மாதமாகும். வட்டியாக மட்டும் ஏறத்தாழ 200 வெள்ளி போயிருக்கும்.

கடுகு டப்பாவின் அறிவியல்

பணத்தில் எல்லா வெள்ளியும் ஒன்றுதான் என்பது பொருளியல் பாடம். மனிதர்கள் அப்படி நடப்பதில்லை, பணத்திற்கு மனத்திலேயே பெயர் ஒட்டிப் பிரித்து வைக்கிறார்கள் என்று ரிச்சர்ட் தேலர் எடுத்துக்காட்டினார். மனக்கணக்குப் பிரிப்பு பற்றிய அவருடைய பணிகளும் சேர்ந்தே 2017இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தன. நம் பாட்டிமார்கள் கடுகு டப்பாவில் ஒரு தொகை, அரிசிப் பானையில் ஒரு தொகை என்று வைத்தது இதே தத்துவத்தில்தான். கடுகு டப்பாப் பணத்தைத் தொட வேண்டுமென்றால் ஒரு முறை யோசிக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு யோசனைதான் காவல்.

இன்றைய மாணவர் அதை வங்கியிலேயே செய்யலாம். பணம் வந்து விழும் கணக்கு ஒன்று, செலவுக் கணக்கு இன்னொன்று என இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பற்று அட்டையும் மின்பணப்பையும் செலவுக் கணக்கோடு மட்டும் இணைந்திருக்கட்டும். பணம் வந்த அன்றே தவிர்க்க முடியாத செலவுகளை ஒதுக்குங்கள். தேர்வு வாரங்களுக்கான பணத்தை முதலில் எடுத்து வையுங்கள், கடைசியில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். மீதியை வாரங்களால் வகுத்து, ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தத் தொகை செலவுக் கணக்கிற்குத் தானாக மாறும்படி வங்கிச் செயலியில் ஒரு முறை ஏற்பாடு செய்யுங்கள். அதன் பிறகு மன உறுதியைத் தினமும் சோதிக்க வேண்டியதில்லை. மொத்தப் பணத்தை நீங்களே உங்களுக்கு வாரச் சம்பளமாக மாற்றிக்கொண்டீர்கள். ஒரு வாரம் தவறினாலும் இழப்பு அந்த வாரத்தோடு நின்றுவிடும், செமஸ்டரைச் சாய்க்காது.

ஏற்கெனவே கை வறண்டுவிட்டதா? முதலில் வீட்டாரிடம் சொல்லுங்கள். பல்கலைக்கழக மாணவர் விவகாரப் பிரிவை அணுகி உதவி நிதி பற்றிக் கேளுங்கள். கடன் பல இடங்களில் சிக்கியிருந்தால், மத்திய வங்கி 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை அமைப்பு கட்டணமில்லாமல் வழிகாட்டும். "உன் வங்கிக் கணக்கையும் அட்டையையும் கொஞ்ச நாள் கொடு, சில நூறு வெள்ளி தருகிறேன்" என்று யாராவது கேட்டால் அந்த இடத்தைவிட்டு விலகுங்கள். மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

இந்த வார இறுதியில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கணக்கில் இருக்கும் தொகையை எழுதுங்கள். அடுத்த பணம் வரும்வரை எத்தனை வாரம் என்று எண்ணுங்கள். முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்து வரும் விடையைக் கைத்தொலைபேசியின் முகப்பில் போட்டு வையுங்கள். உங்களிடம் உண்மையில் இருக்கும் பணம் அதுதான்.