குறைஞ்சு போச்சுங்களா, சிஸ்டர்?

சர்க்கரை நோயாளிகளுக்குப் பாடம் சொல்லும் செவிலியருக்கு அதிகம் வேலை வைக்கும் சொல் ‘குறைஞ்சது’. 280-ல் நின்ற சர்க்கரை 140-க்கு வந்தாலும் குறைஞ்சதுதான். வயல் வரப்பில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கண் இருண்டு உட்கார்ந்தாலும் குறைஞ்சதுதான். முன்னது நல்ல சேதி, பின்னது ஆபத்து. நல்ல சேதி கேட்டவர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். ஆபத்தைத் தொட்டவரோ வெறும் பசி மயக்கம் என்று படுத்துவிடுகிறார்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்து நல்லேப்பிள்ளியில் இந்தச் சிக்கலுக்கு இரண்டு மொழி. நெல்லும் தென்னையும் சூழ்ந்த கேரள–தமிழக எல்லையோரப் பகுதி. சுகாதார நிலையத்தின் ஒரே வரிசையில் ஒருவர் ‘பிரமேகம்’ என்பார், அடுத்தவர் ‘சர்க்கரைங்க’ என்பார். ‘குறைஞ்சது’ மட்டும் இரு மொழிக்கும் பொது.

வரிசை நீளம்தான். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம், நாலு பேரில் ஒருவர். 2017-ல் தொடங்கிய கேரள அரசின் ஆர்த்ரம் திட்டம் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாற்றத் தொடங்கியது. எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழகத்தில், 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மருந்து கைக்கு வந்துவிட்டது. அதைக் கையாளச் சொல்லித்தருவதுதான் செவிலியரின் வேலை.

இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் குப்பியில் ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. அது தீர்ந்துபோய், 100 யூனிட்டுக்கான ஆரஞ்சு மூடி ஊசியை வாங்கி வந்தால்? 20-ம் கோடு வரை இழுத்தாலும் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறுகிறது, மருத்துவர் அளவைக் கூட்டுகிறார். பிறகொரு நாள் சரியான ஊசி கிடைக்கிறது. கூட்டிய அளவு முழுசாக உள்ளே போக, ஆள் சரிகிறார். அதனால்தான் அனுபவமுள்ள செவிலியர் “புரிஞ்சுதுங்களா?” என்று கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஊசியைக் கையில் கொடுத்து, “நீங்களே இழுத்துக் காட்டுங்க” என்கிறார். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீரும், குப்பி நனையாமல் மூடிய டப்பாவும் போதும் என்று சொல்லித்தருவதும் அவர்தான்.

கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போவது சித்தூரிலிருந்து. மரம் ஏறுபவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் சொல்ல வேண்டிய பாடம் வேறு. இன்சுலினோ, கிளைமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் குடித்தால், கல்லீரல் புதிதாகச் சர்க்கரையை உண்டாக்கத் தடுமாறும். நாக்குக் குழறும், கால் தள்ளாடும். பார்ப்பவர்கள் போதை என்று விலகிப் போவார்கள். ஆகவே இந்தப் பாடத்தை நோயாளியோடு சேர்த்து அவர் மனைவிக்கும் கூட்டாளிக்கும் நடத்த வேண்டியிருக்கிறது: 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரி.

சேற்றில் வெறுங்காலோடு நிற்பவரிடம் “செருப்புப் போடுங்க” என்றால் சிரிப்பார். நாற்று நடும்போது செருப்பு ஏது? கரையேறியதும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்க என்றால் கேட்பார். சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்த காலுக்கு முள் குத்தியதைக் கண்தான் சொல்ல வேண்டும்.

‘குறைஞ்சது’க்கும் வழியுண்டு. அந்த ஒரு சொல்லை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தால் போதும்: நல்லது ‘கட்டுக்கு வந்தது’, ஆபத்து ‘இறங்கிப் போச்சு’. அடுத்த மாதம் ஒரு பாட்டி சீட்டை நீட்டி, “ஏனுங்க சிஸ்டர், கட்டுல இருக்குதுங்களா? அப்ப மாத்திரைய விடாம போடோணும், இல்லீங்களா?” என்று கேட்டால், அன்றைக்கு அந்த மேசையில் கொடுத்த மருந்துகளிலேயே நன்றாக வேலை செய்தது அந்தச் சொல்தான்.