முதல் மரவேலைக்கு ஒரு மணை

மரவேலை பழகத் தொடங்குபவர் நாற்காலிக்கு ஆசைப்படுவதைவிட, வீட்டில் ஒருவருக்கு மணை செய்து கொடுப்பதே நல்லது. எளிது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மரத்தின் குணத்தை அந்த ஒரு பலகையே கற்றுக்கொடுத்துவிடும். மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. அடியில் குறுக்கே வைக்கும் சட்டங்களை முழுக்கப் பசை தடவி ஒட்டினால், அசைய இடமில்லாமல் பலகை வெடிக்கக்கூடும். சட்டத்தின் நடுத்துளையை இறுக்கமாகவும் ஓரத்துளைகளைச் சற்று நீட்டியும் போட்டுத் திருகாணியால் முடுக்குங்கள். பிளாஸ்டிக் ஸ்டூல் மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் உட்காருபவரின் முழங்காலுக்கு ஏற்ற உயரத்தை நாம்தான் வைக்க முடியும். செலவும் பெரிதல்ல: கைரம்பம், இழைப்புளி, டிரில், உப்புத்தாள், பட்டறையில் மிஞ்சிய தேக்குத் துண்டு போதும். ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியை விரித்தே உலர்த்துங்கள். சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம்.