வெள்ளத்தை வாங்கும் வெளி

கொழும்பிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்திற்குச் செல்லும் அதிவேகப் பாதையிலே, வத்தளையைக் கடந்ததும், கோரையும் புல்லும் அடர்ந்த பரந்த வெளியொன்று கண்ணிற்படும். 2013ஆம் ஆண்டில் அப்பாதை திறக்கப்பட்டது முதல் நம்மிற் பலர் அதைச் சில நிமிடங்களிற் கடந்துவிடுகிறோம். அதுவே முத்துராஜவெலச் சதுப்பு நிலம். களனி கங்கையின் முகத்துவாரத்திற்கும் நீர்கொழும்புக் களப்பிற்கும் இடையே, ஏறத்தாழ 3000 ஹெக்டேயரில் விரிந்து கிடக்கிறது.

சென்ற விடுமுறையில் மாணவர் சிலருடன் அங்கு படகேறினோம். நாம் சென்றது ஹமில்ரன் கால்வாய் வழியே. அதன் வரலாறு சுவையானது. 'வெல' என்பது சிங்களத்தில் வயலைக் குறிக்கும். ஒருகாலத்தில் இங்கு நெல் விளைந்தது; பின்னர் உவர்நீர் புகுந்து வயல்களைக் கெடுத்தது. அந்நீரை வடிப்பதற்கென ஆங்கிலேயர் 1802இல் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்த கால்வாய் இது. நெல் மட்டும் திரும்பவில்லை! அதன் இடத்திலே கண்டலும் கோரையும் மீன்கொத்தியும் கொக்கும் குடியேறின.

"ஐயா, இதை மண்ணிட்டு நிரப்பினால் எத்தனை வீடுகள் கட்டலாம்!" என்றான் ஒரு மாணவன்.

நியாயமான கேள்விதான், அவனுடைய குடும்பமும் நகரில் வாடகை வீட்டிலேயே வாழ்கிறது. எனவே அவனைக் கடிந்துகொள்ளாமல், நீரின் கணக்கைச் சொன்னோம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அரைகுறையாய் உக்கிய தாவரங்கள் இங்கே தடித்த படையாகக் கிடக்கின்றன. களனி கங்கையும் தண்டுகம் ஓயாவும் பெருக்கெடுக்கும்போது வெள்ளம் இவ்வெளியிற் பரவுகிறது. ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் கன மீற்றர் நீரை இது தாங்குமென ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். அந்நீரைப் பல நாட்கள் வைத்திருந்து, சிறிது சிறிதாகக் களப்பிற்கு விடுகிறது. வரும் வழியிலே சேறும் கழிவும் படிந்துவிடுவதால், களப்பில் இறால் பிடிப்போருக்கும் இதனாற் பிழைப்பு உண்டு.

"மண்ணிட்டால் அந்நீர் எங்கே போகும்?" என்று கேட்டோம். 2016ஆம் ஆண்டு வைகாசியிற் களனி கங்கை கரைபுரண்டபோது மாமி வீட்டுக்குள் நீர் புகுந்ததை அவனே நினைவுகூர்ந்தான்.

சதுப்பின் வடபகுதி 1996இற் சரணாலயமாக்கப்பட்டது. ஆயினும் நமது சட்டப்படி சரணாலய எல்லைக்குள் தனியார் காணியும் இருக்கலாம். தென்பகுதிக்கோ அந்தப் பெயர்கூட இல்லை. அங்கே பல ஏக்கர் நிலம் முன்னரே கடல்மணலால் மேடாக்கப்பட்டுவிட்டது.

திரும்பும் வழியிற் கரையோரம் புதிய செம்மண் குவியல்கள் மூன்றைக் கண்டோம். யாருடையவை என்று படகோட்டியை வினவினோம். அவர் விடை கூறாது படகைச் சற்று விரைவாகச் செலுத்தினார்.