கூனிய முதுகும் குன்றாத தாளமும்

சுருதி மாதா, லயம் பிதா என்பது இசையறிந்தோர் வாக்கு. தாயின் குரலை எல்லோரும் செவிமடுப்பர். தந்தையின் உழைப்போ பெரும்பாலும் கண்ணிற் படுவதில்லை. அமெரிக்க நாட்டின் ஜாஸ் இசையிலும் நிலைமை இதுவே. பாடுவோரையும் எக்காளம் ஊதுவோரையும் உலகம் அறியும். பின்வரிசையில் அமர்ந்து குழு முழுவதையும் தாங்கி நிற்கும் ட்றம் கலைஞரை நினைப்போர் சிலரே. அவ்வாறு நினைக்கப்படவேண்டியவர்களுள் ஒருவர் சிக் வெப்.

வில்லியம் ஹென்றி வெப் என்பது அவரது இயற்பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பால்ட்டிமோர் நகரத்துக் கறுப்பின ஏழைக் குடும்பமொன்றிற் பிறந்தார். இளமையிலேயே காசநோய் அவரது முள்ளந்தண்டைப் பற்றிற்று. முதுகு கூனியது, வளர்ச்சியும் ஏறக்குறைய நான்கடியோடு நின்றது. கோழிக்குஞ்சு எனப் பொருள்படும் 'சிக்' என்ற பட்டப்பெயரே நிலைத்தது. அச்சிறுவன் தெருவிலே பத்திரிகை விற்றுச் சேர்த்த காசைக் கொண்டு வாங்கிய பொருள் ட்றம் வாத்தியமாகும்.

வாலிபப் பருவத்தில் நியூயோர்க் சென்ற வெப், விரைவில் தமக்கென ஒரு குழுவை அமைத்தார். 1926இல் ஹார்லெம் பகுதியிலே திறக்கப்பட்ட சவோய் நடனமண்டபம், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே தளத்தில் ஆடிய, அக்காலத்தில் மிக அரிதான இடம். 1930களில் அம்மண்டபத்தின் முடிசூடா மன்னராக வெப் விளங்கினார். உயர்ந்த மேடையொன்றின்மேல், தமக்கெனச் செய்வித்த மிதிகளோடு, 28 அங்குல விட்டமுள்ள பெரிய ட்றத்தின் பின்னே அவர் அமர்ந்திருப்பார். இசைக்குறிகளை வாசிக்க அறியார். ஆயினும் குழுவினர் வாசிக்கும் பகுதிகள் யாவும் அவர் நெஞ்சிற் பதிந்திருந்தன. ஆடுவோரின் கால்கள் சோராதிருப்பதே தமது வாசிப்புக்கு அளவுகோலெனக் கொண்டார்.

1937 மே 11ஆம் நாள், நாடெங்கும் புகழ்பெற்றிருந்த பெனி குட்மன் குழு சவோயிலே வெப்பின் குழுவோடு போட்டியிட்டது. மண்டபம் நிறைந்து, ஆயிரக்கணக்கானோர் இடமின்றி வீதியில் நின்றனர். குட்மன் குழுவின் ட்றம் கலைஞர் ஜீன் குறூப்பா அன்று பெரும் நட்சத்திரம். முடிவிலே அவரே வெப்பின் முன் தலைவணங்கினார். தாம் தோற்றதைப் பின்னாளிலும் மறைக்கவில்லை.

இதனினும் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. வீடின்றி அலைந்த, கலைந்த கோலத்துடனான இளம்பெண்ணொருத்தியை 1935இல் சிலர் அவரிடம் அழைத்துவந்தனர். தோற்றத்தைக் கண்டு வெப் தயங்கினார். தோற்றத்தால் தாமே இகழப்பட்டவர் அல்லவா! எனினும் குரலைக் கேட்டபின் தயக்கம் நீங்கிற்று. அப்பெண்ணே எல்லா பிற்ஸ்ஜெரால்ட். 1938இல் அவர் பாடிய குழந்தைப் பாடலொன்றின் இசைத்தட்டு அமெரிக்காவெங்கும் ஒலித்தது.

புகழ் பெருகிய அந்நாளிலே நோயும் பெருகியது. வலியைப் பொறுத்தபடி ஊரூராய்ச் சென்று வாசித்தார். 1939 யூன் 16ஆம் நாள் பிறந்த ஊரிலேயே உயிர் நீத்தார். வயது நாற்பதைக் கூட எட்டவில்லை. குழு கலையவில்லை. எல்லா பிற்ஸ்ஜெரால்ட் அதன் தலைமையை ஏற்று, 1942 வரை நடத்தினார். தாளம் போட்டவர் மறைந்தபின்னும், அவர் தேர்ந்தெடுத்த குரல் அரை நூற்றாண்டுக்கு மேலாக உலக அரங்குகளிலே ஒலித்துக்கொண்டிருந்தது.