உச்சவரம்பும் அன்னாசியும்: மிந்தனாவோவிலிருந்து ஒரு பாடம்

எமது நகரத்தில் அண்மையில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. வன்னியில் வாழை, பப்பாசி, அன்னாசி போன்றவற்றை ஏற்றுமதிக்காகப் பயிரிடுவதற்குப் புலம்பெயர்ந்தவர்கள் பங்கு சேர்த்து ஒரு கொம்பனி தொடங்குவது பற்றி அங்கே பேசப்பட்டது. "இதனால் காணி அந்நியர் கைக்குப் போய்விடாதா?" என்று ஒருவர் கேட்டார். "அதற்குத்தான் சட்டம் இருக்கிறதே. வாங்க முடியாது, குத்தகைக்குத்தான் எடுக்கலாம். காணி எங்கள் சனத்தின் பெயரிலேயே இருக்கும்" என்று பதில் வந்தது. கேட்டவர் திருப்தியடைந்தார். கூட்டம் தேநீருக்குக் கலைந்தது.

அங்கே குறிப்பிடப்பட்டது இலங்கை அரசு 2014 இல் நிறைவேற்றிய காணிக் கட்டுப்பாட்டுச் சட்டம். வெளிநாட்டவரும், பங்குகளில் அரைவாசியோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் வசமுள்ள கொம்பனிகளும் காணி வாங்குவதைச் சில விதிவிலக்குகளுடன் அது தடைசெய்கிறது. 99 ஆண்டு வரையான குத்தகையை அனுமதிக்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுக்காமல் வேற்றுநாட்டுக் கடவுச்சீட்டை மட்டும் வைத்திருக்கும் நாமும் அச்சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவரே. கூட்டத்தில் "அந்நியர்" என்று பேசப்பட்டது எங்களைப் பற்றித்தான் என்பதை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

என்னை உறுத்தியது வேறொன்று. காணி யார் பெயரில் இருக்கிறது என்பதும், அந்தக் காணியில் என்ன நடக்கவேண்டும் என்று தீர்மானிப்பவர் யார் என்பதும் ஒன்றுதானா? விரிவுரையாளனாக இருந்த காலத்தில் நானும் ஒன்றென்றே கற்பித்தேன். காணி உச்சவரம்பு, அந்நியர் காணி வாங்கத் தடை ஆகியவற்றைப் பெருந்தோட்ட மூலதனத்துக்கு எதிரான அரண்கள் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். இன்று நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில் ரின்களில் வரும் அன்னாசியைப் பழக்கலவைக்காகப் பிரிக்கிறோம். எனக்கு எதிரே நிற்கும் பெண் பிலிப்பைன்சின் மிந்தனாவோத் தீவில் பொலொமொலொக் என்னும் ஊரைச் சேர்ந்தவர். "என் அப்பாவுக்கும் அன்னாசிக் காணி இருக்கிறது. ஆனால் அது எந்த இடத்தில் என்று அவருக்குத் தெரியாது" என்று ஒருநாள் சொன்னார். பகிடியாகச் சொல்லவில்லை. அந்த வசனத்தின் பொருளைத் தேடிப் போனபோது படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

எல்லை யாருக்காகப் போடப்பட்டது?

1898 இல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்சையும் புவேட்டோ ரிக்கோவையும் அமெரிக்கா எடுத்துக்கொண்டது. 1902 இல் அமெரிக்கக் காங்கிரஸ் பிலிப்பைன்சுக்கென இயற்றிய ஆட்சிச் சட்டத்தில், ஒரு விவசாயக் கொம்பனி 1,024 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 2,500 ஏக்கருக்கு, மேல் நிலம் வைத்திருக்கக்கூடாது என்று விதிக்கப்பட்டது. புவேட்டோ ரிக்கோவில் 1900 இலேயே 500 ஏக்கர் எல்லை போடப்பட்டிருந்தது. ஒரு காலனித்துவ அரசு தனது மூலதனத்துக்கே எல்லை போடுவது விநோதமாகத் தோன்றலாம். பெரும் கொம்பனிகளின் ஆதிக்கத்தை உண்மையிலேயே வெறுத்தவர்கள் காங்கிரசில் இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து நின்றவர்கள் அமெரிக்காவின் பீற்கிழங்குச் சீனி உற்பத்தியாளர்கள். மலிவான கரும்புச் சீனி தீவுகளிலிருந்து வந்து தமது சந்தையை நிரப்பிவிடும் என்பது அவர்களது அச்சம். ஆக, அந்த எல்லையின் ஒரு பாதி நீதியுணர்வு, மறு பாதி வியாபாரப் போட்டி. பிலிப்பினோ விவசாயியை எவரும் கேட்கவில்லை.

சட்டத்தின் முதலாவது ஓட்டை விரைவிலேயே தென்பட்டது. கத்தோலிக்கத் துறவற சபைகளிடமிருந்து அரசு விலைக்கு வாங்கிய பெருநிலங்கள் இருந்தன. மிந்தோரோத் தீவில் அவ்வாறான 22,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஒரு பண்ணை, 1910 ஆம் ஆண்டளவில் அமெரிக்கச் சீனி முதலாளிகளுக்கு விற்கப்பட்டது. வாங்கிய நிலம் பொதுக்காணி அல்ல, ஆகவே எல்லை அதற்குப் பொருந்தாது என்று அமெரிக்கச் சட்டமா அதிபர் வியாக்கியானம் செய்தார். காங்கிரஸ் விசாரணை நடத்தியது. சட்டம் நின்றது, பண்ணையும் நின்றது. புவேட்டோ ரிக்கோவிலோ 500 ஏக்கர் எல்லை நாற்பது வருடங்கள் ஏட்டில் தூங்கியது. 1940 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதை அமுல்படுத்தலாம் என்று தீர்ப்பளித்து, 1941 இல் தீவின் சட்டசபை புதிய காணிச் சட்டத்தைக் கொண்டுவந்த பின்னரே அது கண்விழித்தது.

அரசு என்னும் இடைத்தரகர்

மிந்தனாவோவில் நடந்தது இதைவிட நுட்பமானது. கலிபோர்ணியாவின் பழ நிறுவனமொன்று 1926 இல் பிலிப்பைன்ஸ் பக்கிங் கோப்பரேசன் என்ற பெயரில் அங்கே கால்வைத்தது. டெல் மொன்ரே என்ற பெயரில் நாம் கடைகளில் காணும் ரின்கள் இந்த வழிவந்தவை. புக்கிட்னொன் பீடபூமி அன்னாசிக்கு உகந்தது. ஆனால் ரின்னில் அடைக்கும் ஆலை ஒன்று இலாபமாக ஓட 1,024 ஹெக்டேயர் போதாது. விடை 1938 இல் அரச நிறுவனமான தேசிய அபிவிருத்திக் கொம்பனியின் வடிவில் வந்தது. எல்லை தனியார் கொம்பனிகளுக்கு மட்டுமே. அரச கொம்பனி எவ்வளவு பொதுக்காணியையும் எடுக்கலாம். எடுத்த காணியில் அன்னாசி வளர்க்கும் உரிமையை ஒப்பந்தம் மூலம் இன்னொருவருக்குக் கொடுக்கலாம். இவ்வாறு பல்லாயிரம் ஹெக்டேயர் அரசின் பெயரிலும் கொம்பனியின் கையிலும் இருந்தது. 1963 இல் டோல் நிறுவனம் பொலொமொலொக்குக்கு வந்தபோதும் அதே அரச கொம்பனியே காணியைத் தேடிக் கொடுத்தது.

அந்தக் காணி வெறுமையாகக் கிடந்ததல்ல. மத்துத்தும் மலையடிவாரம் பிளான் என்னும் பழங்குடி மக்களின் வாழிடம். 1939 இல் அரசு அப்பகுதிச் சமவெளிகளில் வடக்குத் தீவுகளின் ஏழைக் குடும்பங்களைக் குடியேற்றத் தொடங்கியிருந்தது. குடியேற்றத் திட்டங்களைப் பற்றி இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. முதலில் குடியேற்றவாசி, பின்னால் கொம்பனி. பழங்குடியினர் மலைமேல் ஏறினார்கள்.

இதற்கிடையில் சுதந்திரமும் வந்தது. 1935 அரசியலமைப்பு, பொதுக்காணியையும் இயற்கை வளத்தையும் பயன்படுத்தும் கொம்பனிகளில் 60 வீத மூலதனம் பிலிப்பினோக்களுடையதாக இருக்கவேண்டும் என்றது. போரில் அழிந்த நாட்டுக்கு அமெரிக்கா கொடுக்கவிருந்த நட்டஈட்டின் பெரும்பகுதி, அமெரிக்கர்களுக்கும் சம உரிமை கொடுத்து அரசியலமைப்பைத் திருத்துவதோடு பிணைக்கப்பட்டது. 1947 சர்வசன வாக்கெடுப்பில் திருத்தம் நிறைவேறியது. அது 1974 வரை நீடித்தது. வெளிப்படையான இந்தச் சலுகையைத் தேசியவாதிகள் இடைவிடாது எதிர்த்தனர், சரிதான். ஆனால் அச்சலுகை காலாவதியான மறுநாளும் அன்னாசித் தோட்டங்களில் அறுவடை வழமைபோல நடந்தது. அரச கொம்பனி என்னும் வாசல் திறந்தே இருந்தது.

அன்னாசிக்கு உறுதி தேவையில்லை

ஏன் இப்படி? இதை விளங்கிக்கொள்ளப் பயிரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும். அன்னாசி நட்டு முதல் விளைச்சலுக்கு ஏறக்குறைய ஒன்றரை வருடம். இயல்பாக விட்டால் செடிகள் வெவ்வேறு நேரங்களில் பூக்கும். எதிலீன் போன்ற வாயுவையோ அதை வெளிவிடும் மருந்தையோ கொடுத்தால் ஒரு வயலின் செடிகள் எல்லாம் ஒன்றாகப் பூக்கும், சில மாதங்களின் பின் ஒன்றாக முற்றும். பழம் வெட்டியபின் காத்திருக்காது. ஆலையோ ஒவ்வொரு நாளும் ஒரே அளவு பழம் கேட்கும். ஆகவே எந்த வயலில் எந்த வாரம் நடுவது, எந்த வாரம் பூக்க வைப்பது, எந்த நாள் வெட்டுவது என்ற நாட்காட்டி ஒரே இடத்தில் தீர்மானிக்கப்பட்டாகவேண்டும். அந்த நாட்காட்டியை வைத்திருப்பவரே உண்மையில் தோட்டத்தை ஆள்பவர். அவருக்குத் தேவையானவை தொடர்ச்சியான நிலப்பரப்பு, தெரு, தண்ணீர், துறைமுகம், நீண்டகால ஒப்பந்தம். காணி உறுதி இரும்புப் பெட்டியில் யார் பெயரில் கிடந்தாலும் அவருக்கு ஒன்றே. சொல்லப்போனால் உறுதி இல்லாமல் இருப்பது அவருக்கு இலேசு. காணியில் மூலதனம் முடங்குவதில்லை, காணிச் சீர்திருத்தம் வந்தால் பறிபோக எதுவுமில்லை.

காணிச் சீர்திருத்தம் வந்தது. மார்க்கோஸ் வீழ்ந்தபின் எழுதப்பட்ட 1987 அரசியலமைப்பு, கொம்பனிகள் பொதுக்காணியைச் சொந்தமாக்க முடியாது, 25 ஆண்டுக் குத்தகைக்கு, அதுவும் 1,000 ஹெக்டேயர் வரை மட்டுமே எடுக்கலாம், இன்னுமொரு 25 ஆண்டு நீடிக்கலாம் என்றது. 1988 காணிச் சீர்திருத்தச் சட்டம் பன்னாட்டு நிறுவனங்களின் வசமிருந்த அரச காணிகளை முதலில் பங்கிடும்படி பணித்தது. பொலொமொலொக்கில் ஏறத்தாழ 9,000 ஹெக்டேயர், ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தோட்டத் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்கப்பட்டது. புக்கிட்னொனிலும் ஏறத்தாழ 8,000 ஹெக்டேயர் அவ்வாறே கைமாறியது. உழுபவனுக்கே நிலம்! பேப்பரில் பார்த்தால் ஆசியாவின் பெரும் வெற்றிகளில் ஒன்று.

ஆனால் ஒருவருக்கு ஒரு ஹெக்டேயருக்குச் சற்றுக் கூட. உறுதி கூட்டாக ஒன்று. தனித்தனியாகப் பிரித்து எல்லைக்கல் நட்டால் நாட்காட்டி குலையும். நாட்காட்டி குலைந்தால் ஆலை நிற்கும். ஆலை நின்றால் சம்பளமும் இல்லை. பழத்தை வாங்க அயலில் வேறு ஆலையும் இல்லை. சங்கங்கள் காணியைத் திரும்பவும் அதே கொம்பனிகளுக்கே நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தன. பங்கிட்ட காணி இப்போது பொதுக்காணி அல்ல, தனியார் காணி. ஆகவே பொதுக்காணிக் குத்தகைக்கான 1,000 ஹெக்டேயர் எல்லை அதற்குப் பொருந்தாது. மிந்தோரோவில் நுழைந்த தர்க்கம் எண்பது வருடங்களின் பின் தொழிலாளரின் பெயரால் திரும்பி வந்தது. தொழிலாளி ஒரே நேரத்தில் கொம்பனிக்கு நிலக்கிழாரும் கூலியாளும் ஆனார். என் சக தொழிலாளியின் தந்தைக்குத் தன் காணி எங்கே என்று தெரியாமலிருப்பதன் காரணம் இதுதான். அவருக்குக் காணி ஓர் இடமல்ல, வருடத்துக்கொருமுறை சங்கத்தில் கிடைக்கும் ஒரு தொகை.

உரிமையாளர் யாரென்பது மாறியும் இருக்கிறது. டெல் மொன்ரேயின் பிலிப்பைன்ஸ் வியாபாரம் 2006-07 காலப்பகுதியில் ஒரு பிலிப்பினோ குடும்பத்தின் ஆளுகைக்குள் வந்தது. டோலின் ஆசியப் பழ வியாபாரத்தை 2013 இல் ஜப்பானின் இற்றோச்சு வாங்கியது. ஒன்று சுதேசியானது, மற்றது ஒரு அந்நியரிடமிருந்து இன்னொரு அந்நியருக்குப் போனது. வயலில் நாட்காட்டியை எழுதுபவர் இரண்டு இடத்திலும் கொம்பனிதான்.

எல்லை வீணா?

அப்படியானால் உச்சவரம்புச் சட்டங்களே வீண் என்று முடிவுகட்டுவது தவறு. ஹவாயில் அவ்வாறான எல்லை 1921 இல் நீக்கப்பட்டுவிட்டது. 1922 இல் டோலின் நிறுவனர் லனாய் என்னும் தீவை ஏறக்குறைய முழுமையாக விலைக்கு வாங்கினார். 1992 இல் அங்கே அன்னாசி முடிந்தபோதும் தீவு கைமாறும் சொத்தாகவே எஞ்சியது. மிந்தனாவோவில் எல்லை இருந்தபடியால் காணி அரசிடம் தங்கியது. அரசிடம் தங்கியபடியால் 1988 இல் தொழிலாளரிடம் போக முடிந்தது. குத்தகை முடியும் ஒவ்வொரு முறையும் பேரம்பேச அவர்களுக்கு ஒரு நாற்காலி கிடைக்கிறது. நாற்காலி சிறியது என்பது உண்மை, ஆனால் கூலித் தொழிலாளிக்கு முன்பு அதுவும் இருக்கவில்லை. எல்லைச் சட்டம் காலத்தை வாங்கித் தருகிறது. அந்தக் காலத்தில் ஆலை, தண்ணீர், கடன், சந்தை ஆகியவற்றில் பங்கு தேடாவிட்டால் வாங்கிய காலம் வீணாகிறது.

எமக்கும் இது புதிதல்ல. 1972 காணிச் சீர்திருத்தம் தனியாருக்கு 50 ஏக்கர் எல்லை போட்டது. 1975 இல் பிரித்தானியக் கொம்பனிகளின் தேயிலைத் தோட்டங்கள் அரசுடைமையாகின. உறுதி லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்தது. லயன் அறை அதே லயன் அறை. காணி மலையகத் தமிழருக்குப் பங்கிடப்படவில்லை, பல இடங்களில் அவர்கள் விரட்டப்பட்டனர். 1992 இல் நிர்வாகம் மீண்டும் கொம்பனிகளிடம் போனது. இவ்வளவையும் பார்த்தபின்பும் "காணி எங்கள் சனத்தின் பெயரிலேயே இருக்கும்" என்ற ஒரு வசனத்தில் நாம் ஆறுதலடைவது எப்படி?

வன்னிக் கொம்பனி வேண்டாம் என்பது என் வாதமல்ல. அங்கே வேலை வேண்டும், சந்தை வேண்டும், எங்கள் பணத்துக்கும் ஒரு பயன் வேண்டும். ஆனால் அடுத்த கூட்டத்தில் சில கேள்விகளைக் கேட்க எண்ணியிருக்கிறேன். என்ன பயிர், எப்போது என்று தீர்மானிக்கும் குழுவில் காணிக்காரர் இருப்பார்களா? பழத்தின் தரத்தைப் பிரித்துக் கழிப்பவர் யார், கழித்ததை அவர்கள் போய்ப் பார்க்கலாமா? பசளைக்கும் மருந்துக்கும் வெட்டப்படும் காசின் கணக்கு அவர்களுக்கு விளங்கும் தமிழில் வருமா? குளத்துத் தண்ணீர் நெல்லுக்கா வாழைக்கா என்ற பிணக்கு வந்தால் யார் தீர்ப்பது? குத்தகை முடியும் நாளில் பொதிசெய்யும் ஆலை யாருக்கு? காணியே இல்லாமல் கூலிக்கு வருபவர்கள் இந்தத் திட்டத்தில் எங்கே நிற்கிறார்கள்?

இவற்றுக்கு விடை இல்லாவிட்டால், இருபத்தைந்து வருடங்களின் பின் எங்காவது ஒரு தொழிற்சாலையில் ஒரு வன்னிப் பிள்ளை தன் தகப்பனின் காணி எங்கே என்று தெரியாது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கும். அப்போது கொம்பனிக்காரர்களாக இருக்கப்போவது நாங்கள். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதவேண்டும், குறிப்பாகக் கொம்பனியில் பங்கெடுக்க முடிவுசெய்துவிட்ட நண்பர்கள்.