எண்ணிக்கை சொல்லாத விஞ்ஞானம்

ஜெபத்தால் சுகம் என்றதும் மைதானக் கூட்டமும் ஒலிபெருக்கியும் தலையில் கைவைத்து ஜெபிக்கும் ஊழியரும்தான் நமக்கு நினைவுக்கு வரும். பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கிறிஸ்டியன் சயின்ஸ் சபையில் இவை எதுவும் கிடையாது. (பெயர்க் குழப்பத்தால் பலர் இதைச் சயின்டாலஜியோடு சேர்த்துவிடுகிறார்கள், அது முற்றிலும் வேறு.) இங்கே போதகர் இல்லை, பிரசங்கம் இல்லை. ஞாயிறன்று இரண்டு வாசகர்கள் பைபிளிலிருந்தும் சபையின் நிறுவனர் எழுதிய நூலிலிருந்தும் வாசிப்பார்கள். புதன்கிழமை கூட்டத்தில் குணமானவர்கள் எழுந்து சாட்சி சொல்வார்கள். நோய் வந்தால் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜெபிக்கும் ‘பிராக்டிஷனர்’ உண்டு. அவர் நோயாளியைத் தொட வேண்டியதில்லை, தொலைபேசியிலேயே போதும். அவர் கடவுளிடம் குணத்தை இரந்து கேட்பதும் இல்லை. கடவுள் ஆவியாயிருப்பதால் ஜடப்பொருளுக்கு மெய்யான இருப்பே இல்லை, ஆகவே நோயும் ஒரு தப்பெண்ணமே, அதைத் தெளிந்தால் உடல் சீராகும் என்பது இவர்களுடைய கோட்பாடு. நடப்பது அற்புதமல்ல, விதி. அதனால்தான் ‘சயின்ஸ்’ என்ற பெயர். அந்தப் பெயரை அவர்களே விரும்பிச் சூட்டிக்கொண்டதால், விஞ்ஞானத்தின் உரைகல்லில் அவர்களை உரசிப் பார்ப்பது அநியாயமாகாது.

நிறுவனர் மேரி பேக்கர் எடி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போ என்ற ஊரில் 1821இல் பிறந்தவர். இளமை முதலே நோயாளி. 1862இல் குவிம்பி என்ற மனச்சிகிச்சையாளரிடம் சென்று தேறினார். அவரிடமிருந்து எடி எவ்வளவு எடுத்துக்கொண்டார் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. 1866 பிப்ரவரியில் லின் நகரத்தில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து படுத்தவர், சுவிசேஷத்தில் ஒரு பகுதியைப் படித்ததும் எழுந்துவிட்டதாகச் சொன்னார். அந்தக் கணமே இயக்கத்தின் தொடக்கம் எனப்படுகிறது. 1875இல் ‘சயின்ஸ் அண்ட் ஹெல்த்’ நூல் வந்தது, 1879இல் சபை அமைந்தது. எடி விழுந்தபோது சிகிச்சையளித்த மருத்துவரோ, அவர் பிழைக்கமாட்டார் என்று தான் சொன்னதே இல்லை எனப் பின்னாளில் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். இயக்கத்தின் முதல் சாட்சியத்துக்கே எதிர்சாட்சியம் இருக்கிறது.

ஆனாலும் இந்த இயக்கம் பரவியதை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. அந்தக் காலத்து மருத்துவத்தை நினைத்துப் பாருங்கள்: சிரையைக் கீறி இரத்தம் வடிப்பது, பாதரச உப்பான கலோமெலைப் பல் ஆடும்வரை கொடுப்பது. மருந்துகளில் பெரும்பாலானவற்றைக் கடலில் கொட்டினால் மனிதருக்கு நல்லது, மீனுக்குத்தான் கேடு என்று 1860இல் சக மருத்துவர்கள் முன்னால் சொன்னவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், தாமே மருத்துவப் பேராசிரியர். அப்படிப்பட்ட வைத்தியத்திலிருந்து விலகி, தன் பேச்சைப் பொறுமையாகக் கேட்கும் ஒருவரிடம் போன நோயாளி பிழைக்கக் கூடுதல் வாய்ப்பு இருந்தது. பெண்களுக்கு இன்னொரு ஈர்ப்பும் உண்டு. பிரசங்க மேடையும் மருத்துவத் தொழிலும் பெரும்பாலும் அவர்களுக்கு அடைத்திருந்த நாளில் இந்தச் சபை இரண்டின் வாசலையும் ஒருசேரத் திறந்துவிட்டது. 1936ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் உறுப்பினர்கள் சுமார் 2,69,000.

அந்த ஹோம்ஸ் இளமையில் பாரிஸ் சென்று பியேர் லூயி என்பவரிடம் படித்தவர். லூயி செய்தது எளிய வேலை: இரத்தம் வடிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணினார். மருத்துவம் திருந்தத் தொடங்கியது அந்த எண்ணிக்கையால்தான். கிறிஸ்டியன் சயின்ஸ் தேர்ந்த வழி சாட்சி. தங்கள் பத்திரிகையில் வரும் ஒவ்வொரு சாட்சியையும் மூவர் உறுதிசெய்ய வேண்டும் என்கிறார்கள். நல்ல விதிதான், சொல்பவர் பொய்யர் அல்ல என்று அது காட்டும். ஆனால் ஜுரமும் முதுகுவலியும் தானாகவே போகக்கூடியவை. குணமாகாதவர் எழுந்து பேசுவதில்லை, இறந்தவர் கூட்டத்துக்கு வருவதே இல்லை. உறுப்பினர் தொகையை வெளியிடக் கூடாது என்று சபையின் கையேடே தடுக்கிறது. தலையை எண்ணாத இடத்தில் நூற்றுக்கு எத்தனை பேர் தேறினார்கள் என்று எப்படிக் கேட்பது?

ஆகவே வெளியார்தான் எண்ணினார்கள். இச்சபையினருக்கான பிரின்சிபியா கல்லூரியின் பட்டதாரிகளைக் கான்சஸ் பல்கலைக்கழகப் பட்டதாரிகளோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 1989இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. புகையும் மதுவும் தொடாத பிரின்சிபியாக்காரர்களிடையே இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. படித்தவர் அனைவரும் கடைசிவரை விசுவாசத்தில் நின்றிருக்கமாட்டார்களே என்று கேட்கலாம். சரி, அப்படி விலகி மருத்துவரிடம் போனவர்கள் வித்தியாசத்தைக் குறைத்துத்தான் காட்டியிருப்பார்கள். அதே கல்லூரியில் 1985இல் தட்டம்மை பரவி மூவர் இறந்தார்கள்.

மருத்துவமனையிலும் சாகிறார்களே என்பது சபையினர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. உண்மை; மருத்துவர்களின் தவறாலும் சாகிறார்கள். ஆனால் அங்கே சாவு பதிவாகிறது, காரணம் தேடப்படுகிறது, பாதரசம் கைவிடப்பட்டதும் அப்படித்தான். ஜெபம் பலிக்காதபோது, இந்த முறையே தவறோ என்ற கேள்வி எழுவதில்லை. நோயாளியின் புரிதலோ பிராக்டிஷனரின் புரிதலோ போதவில்லை என்பதோடு விசாரணை முடிகிறது. என் உடல், என் விசுவாசம் என்பது மருத்துவமனைச் சாவைக் காட்டுவதைவிட வலுவான வாதம். வயதுவந்தவர் விஷயத்தில் அதை மறுக்க எனக்கு மனமில்லை. குழந்தைக்கு அது பொருந்தாது. 1975 முதல் 1995 வரை மத நம்பிக்கையால் சிகிச்சை மறுக்கப்பட்டு அமெரிக்காவில் இறந்த 172 குழந்தைகளை ஓர் ஆய்வு ஆராய்ந்தது. பல சபைகளைச் சேர்ந்தவர்கள். அவர்களில் 140 பேருக்குச் சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பிருந்தது. பாஸ்டனில் 1986இல், ஜெபத்தையே நம்பிய இச்சபைப் பெற்றோரின் இரண்டு வயதுக் குழந்தை குடலடைப்பால் இறந்தது. பெற்றோருக்குக் கிடைத்த தண்டனை 1993இல் ரத்தானது. ஜெப சிகிச்சைக்குச் சட்டம் தந்திருந்த விலக்கை நம்பியே அவர்கள் நடந்திருக்கக்கூடும் என்ற வாதம் ஜூரியின் முன் சரியாக வைக்கப்படவில்லை என்றது உயர் நீதிமன்றம். அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் அந்த விலக்கை நீக்கியது.

எடி தம்மைப் பின்பற்றியவர்கள் அளவுக்கு இறுக்கமானவராக இல்லை. எலும்பு முறிவைச் சர்ஜனிடம் விடலாம் என்றார், தடுப்பூசி கட்டாயமானால் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். முதுமையில் சிறுநீரகக் கல்லின் வலி பொறுக்காமல் மார்ஃபின் ஊசி ஏற்றுக்கொண்டார். வலி மிகுந்து ஜெபிக்கவே முடியாத நேரத்தில் ஊசி போடலாம் என்ற அனுமதி ‘சயின்ஸ் அண்ட் ஹெல்த்’ நூலின் பிற்காலப் பதிப்பில் இன்றும் இருக்கிறது.