கொடிமுந்திரிகையின் தற்காப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களிலே கிணற்று நீரைக் கொண்டு வளர்க்கப்படும் பயிர்களுள் கொடிமுந்திரிகையும் ஒன்றாகும். வெயிற்காலத்திற் செழித்து நிற்கும் பந்தல், கார்த்திகை மார்கழியில் மாரிமழை தொடங்கியதும் பொலிவிழக்கின்றது. இலையின் மேற்புறத்தில் மஞ்சட் புள்ளிகள் தோன்றும். அடிப்புறத்தில் வெண்பஞ்சு போன்ற பூஞ்சணம் படரும். இந்நோயை விளைவிப்பது பங்கசை ஒத்த நுண்ணுயிர். அதன் வித்திகள் இலைமேற் படிந்த நீரில் நீந்திச் சென்று இலைவாய்களின் வழியே உட்புகும். மாரியில் நோய் மிகுதற்குக் காரணம் இதுவே.

பகை புகுந்தபோது கொடி வாளாவிருப்பதில்லை. ஓடவும் ஒளியவும் இயலாத தாவரம் தன் கலங்களிலேயே நஞ்சை ஆக்கிக்கொள்ளுகின்றது. நோய் தீண்டிய பின்னரே தாவரங்கள் இத்தகைய காப்புப் பொருள்களை ஆக்குகின்றன என்னும் கருத்தை, 1940ஆம் ஆண்டில் உருளைக்கிழங்கை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் மியூலரும் பேர்கரும் வெளியிட்டனர். கொடிமுந்திரிகை இலை, நோயுற்றபோது ரெஸ்வெரட்ரோல் என்னும் பொருளை ஆக்குவதை லாங்கேக், பிரைஸ் என்போர் 1976இல் அறிவித்தனர். இப்பொருள் தனித்து நிற்கையில் வலிமை குன்றியது. கொடி இதனை இணைத்தும் மாற்றியும் வினிஃபெரின், ரெரோஸ்ரில்பீன் முதலிய வலிய நஞ்சுகளாக்குகின்றது. அவை வித்திகளின் நீச்சலையும் முளைத்தலையும் தடுக்கின்றன.

அவ்வாறாயின் கொடி நோய்க்கு இரையாவது ஏன்? விடை, விரைவில் உள்ளது. இந்நோயின் தாயகம் அமெரிக்கா. அங்குள்ள காட்டுக்கொடிகள் பல நெடுங்காலப் பழக்கத்தால் விரைந்து எதிர்க்கின்றன. ஐரோப்பாவை நோய் எட்டியது 1878 அளவிலேதான். ஆதலின் அந்நாட்டுக் கொடியினம் பிந்தியே விழித்துக்கொள்ளுகின்றது. பழம் முதிர முதிர இந்நஞ்சை ஆக்கும் ஆற்றலும் குறைகின்றது. பழத்தை அழுகச் செய்யும் சாம்பல்நிறப் பூஞ்சணமோ தன் நொதியத்தால் அந்நஞ்சையே சிதைத்துவிட வல்லது.

எனவே மனிதன் துணைக்கு வரவேண்டியதாயிற்று. துரிசும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையின் பயனை 1885இல் பிரான்சிய அறிஞர் மிலார்டே எடுத்துக்காட்டினார். ஆயினும் செம்பு மண்ணிலே தங்கிவிடும். குடாநாட்டு மக்கள் பருகுவதோ சுண்ணக்கற் பாறையினுள்ளே ஊறும் நீர். தோட்டத்தில் அளவின்றித் தெளிக்கும் மருந்துகள் கிணற்றையும் சென்றடையக்கூடும்.

ஆகவே, காய்க்கும் பருவம் மழையோடு பொருந்தாவண்ணம் கொடியைக் கத்தரித்தல், பந்தலினுள் காற்றும் ஒளியும் புகவிடுதல், நோயுற்ற இலைகளை அகற்றுதல் ஆகியன முதற்கண் செய்யத்தக்கவை. இலை விரைவில் உலருமாயின் பகையின் வேகம் தணியும். கொடியின் காப்பு முந்திக்கொள்ளும். மருந்து அதற்குத் துணையாகட்டும், பதிலாக வேண்டாம்.